கரோபெக்கில் வராத மழை

மலாக்கி லாவெல் வாயைத் திறந்தால் வானம்தான் வரும். சாவு வீட்டுக்குப் போனால், "பாவம், நல்ல மனுசன். காத்து தென்மேக்கா திரும்பிடுச்சு பாருங்க," என்பான். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் கையைப் பிடித்து, "இன்னும் ரெண்டு நாளைக்கு இந்த வெயில் தாங்கும்," என்று வாழ்த்துவான். நாற்பத்து நாலு வயது, தனிக்கட்டை, ஒரு நாய், ஒரு வரிப்பூனை, மலையில் மேய்கிற கொஞ்சம் செம்மறி. இதைத் தவிர அவனிடம் வேறு சொத்தும் கிடையாது, வேறு பேச்சும் கிடையாது. எங்கள் கரோபெக் ஊரில் யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. மேயோ கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு மழை பெய்வது செய்தியே இல்லை, நிற்பதுதான் செய்தி. அது எப்போது நிற்கும் என்று தெரிந்தவனுக்குப் பேசத் தெரியாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது?

அவனுக்குப் பேர் வந்தது ஒரு இலையுதிர் காலத்தில். கடற்புறாக்கள் கூட்டமாக ஊருக்குள் வந்து, பள்ளிக்கூடத்துக் கூரையில் மலையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தன. படகைத் தள்ளப் போனவர்களை மலாக்கி மறித்தான். சிரித்தார்கள். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கடல் போட்ட ஆட்டத்தைப் பார்த்த பிறகு, மலாக்கி சொல்லாமல் கரோபெக்கில் ஒரு புல்லைக்கூட யாரும் அறுப்பதில்லை. பார்ட்லி பேடன் வீட்டில் வானொலிப் பெட்டி உண்டு. டப்ளினிலிருந்து தினமும் வானிலை சொல்வார்கள். பார்ட்லி அதை மரியாதையாக முழுசும் கேட்பான், பிறகு அணைத்துவிடுவான். "டப்ளின்காரனுக்கு டப்ளின் வானம் தெரியும். நம்ம வானம் என்ன அவன் மாமியார் வீடா?" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மலாக்கியின் சுவருக்கு வந்துவிடுவான்.

வந்து நேராகக் கேட்கவும் மாட்டான். யாரும் கேட்க மாட்டார்கள். வானத்துக்குக் காது உண்டு, நம் அவசரம் தெரிந்தால் வேண்டுமென்றே கெடுத்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. சுவரில் முழங்கையை ஊன்றி, "நல்ல நாள், கடவுளுக்குப் புண்ணியம்," என்பார்கள். மலாக்கியும், "நல்ல நாள்தான்," என்பான். அந்த 'தான்' எப்படி விழுகிறது என்பதை வைத்து ஊர் அரிவாளைத் தீட்டும், அல்லது திரும்பிப் போய்த் தூங்கும்.

அந்த வருடம் ஜூலை பிறந்த வாரத்தில், பக்கத்து வயல் நோனி காகன் புல்வாரியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். இருவர் வயலுக்கும் நடுவில் இடுப்பளவு கல்சுவர். நோனியின் புருசன் நெஞ்சுச் சளியில் போய் ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஒரு பசு, ஒரு வயல், ஊரில் யாரிடமும் தலைகுனியாத ஒரு நடை. அவ்வளவுதான் அவள் ஆஸ்தி.

"இந்தா உன் வாரி," என்று சுவருக்கு மேல் நீட்டினாள். "இந்த வருசம் புல்லு அறுத்துப் போர் போட்டதும் நான் கெளம்பறேன், மலாக்கி."

"எங்க?"

"கடல் தாண்டி, லீட்ஸுக்கு. எங்க அக்கா வேலை செய்யற ஆஸ்பத்திரி சமையல்கட்டுல எடம் இருக்காம். பசுவையும் போரையும் சேத்து பார்ட்லி வாங்கிக்கறேன்னுட்டான். போர் இல்லாம பசு மட்டும்னா வேணாமாம், அதுக்குத் தீனிக்கு எங்க போவேங்கறான். அதனால புல்லு நல்லபடியா வீடு சேரணும். நீதான் நாள் பாத்துச் சொல்லணும்."

மலாக்கி வாரியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆறு வருடமாக அவளுக்கு அடுப்புக்கு வேண்டிய சதுப்பு நிலத்துக் கரிமண்ணை அவன்தான் வெட்டி, காயவைத்து, கேட்காமலேயே அவள் வீட்டு ஓரம் அடுக்கிவைக்கிறான். கானாங்கெளுத்தி கிடைத்தால் முதல் நாலு அவள் ஜன்னல் திட்டில்தான். ஏன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் இரண்டு பேர் மட்டும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் தொண்டையைச் செருமினான்.

"லீட்ஸ்ல மழை கம்மின்னு சொல்றாங்க," என்றான்.

நோனி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்படியா? நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மலாக்கி வாரியின் பிடியால் தன் நெற்றியில் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்தது பாருங்கள், ஒரு வெயில்! இப்படி ஒரு ஜூலையை எங்கள் ஊர் கண்டதே இல்லை. புகைக்கூண்டுப் புகை நூல் பிடித்தாற்போல் நேரே மேலே போனது. தகைவிலான் குருவிகள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பூச்சி பிடித்தன. கடலில் இருக்கிற கருந்தீவு மங்கலாக, எங்கோ தொலைவில் தெரிந்தது. தீவு கிட்டத்தில் தெரிந்தால்தான் மழை, தள்ளிப் போனால் வெயில். மூன்று வயதுக் குழந்தைகூட அரிவாளை எடு என்று சொல்லும். பார்ட்லியும் அவன் மனைவி டெலியாவும் இன்னும் நாலைந்து பேரும் காலையிலேயே சுவரில் முழங்கையை ஊன்றியாயிற்று.

"நல்ல நாள், கடவுளுக்குப் புண்ணியம்," என்றான் பார்ட்லி.

மலாக்கி வாயைத் திறந்தான். அப்போது பக்கத்து வயலில் நோனி நெடும்பிடி அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவன் சொல்லுக்காகக் காத்திருப்பது தெரிந்தது. இன்று அறுத்தால் மூன்றாம் நாள் போர். போர் போட்டால் பசு போகும், பசு போனால் அவளும் போவாள். மலாக்கி திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"நல்ல நாள்... மாதிரிதான் இருக்கு," என்றான்.

"மாதிரியா?"

"பூனை சரியில்ல."

"பூனைக்கு என்ன?"

"அடுப்புக்கு முதுகு காட்டி ஒக்காந்திருக்கு."

எல்லோரும் எட்டி உள்ளே பார்த்தார்கள். வரிப்பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தது. பூனை அப்படி உட்கார்ந்தால் காற்றும் மழையும் கதவருகில் நிற்கின்றன என்று அர்த்தம். அதன் முன்னால் கிடந்த கானாங்கெளுத்தி மீன் தலையை யாரும் கவனிக்கவில்லை. டெலியா சிலுவை போட்டுக்கொண்டாள். அரிவாள்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பின.

மறுநாள் டெலியா மட்டும் வந்தாள். வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையில் சோடா ரொட்டியோடு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று. மலாக்கி அவளை அடுப்பருகில் உட்காரச் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். துடைப்பக்கட்டையை நீளக் கழியில் கட்டிக்கொண்டு கூரையில் ஏறினான். அடுத்த நிமிடம் புகைக்கூண்டு வழியாக ஒரு வருடத்துக் கரி பொதபொதவென்று இறங்கியது. கரி தானாக விழுந்தால் மழை நிச்சயம். அதிலும் இவ்வளவு கரி என்றால் கேட்கவே வேண்டாம். டெலியா கரிமூஞ்சியோடு ஊர் முழுக்க ஓடி, வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவினாள்.

ஒரு வாரம் போனது. மழை வரவில்லை. வெயில் இன்னும் நன்றாக அடித்தது. வேறு ஊராக இருந்தால் ஆருடக்காரனைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்கள் ஊர் அப்படியா? பார்ட்லி வானத்தை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினான். "சின்ன மழைன்னா இந்நேரம் வந்து போயிருக்கும். இவ்வளவு நாள் சேத்துவெச்சிட்டு வருதுன்னா, வரப்போறது சாதாரண மழை இல்லடா." அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. படகுகளைத் தரைக்கு இழுத்து, கவிழ்த்து, கல் வைத்தார்கள். பார்ட்லி தன் கூரையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டான். டெலியா மெழுகுவர்த்தி வாங்கிவைத்தாள். வெயில் மட்டும் யார் வீட்டு எழவோ என்று காய்ந்துகொண்டே இருந்தது. வானொலியில் டப்ளின்காரன் நல்ல வெயில், நல்ல வெயில் என்று கத்தினான். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை.

மலாக்கிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வயலில் புல் முத்தி, தண்டு விறைத்து, பூ உதிர்ந்து நின்றது. நாளுக்கு நாள் அதன் சத்து போகிறது என்று அவனுக்குத் தெரியாதா? அது அவன் புல் மட்டுமில்லை, ஊரின் புல். குளிர்காலத்தில் எல்லா மாடும் இதைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். இன்று ஒரு நாள், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று தினமும் நினைப்பான். மறுநாள் காலையில் நோனி சுவரருகில் வந்து நிற்பாள், அவன் வாய் தானாக ஒரு சகுனத்தைச் சொல்லிவிடும். கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். மலாக்கி கெட்டிக்காரனும் இல்லை.

பூனையும் கரியும் பழசாகிவிட்டதால், ஒரு விடியற்காலை நாயைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனான். செம்மறி தானாக மலையிறங்கி வந்தால் பெருங்காற்று வரப்போகிறது என்று பொருள். ஊர் கண்விழிக்கும்போது ஆடுகள் ரோட்டில் நிற்க வேண்டும், அதுதான் திட்டம். பனி மூடியிருந்த சரிவில், ஆடுகளுக்குப் பின்னால், குரல் கொடுக்காமல் கையை மட்டும் ஆட்டி நாயை ஏவிக்கொண்டு பூனை நடை நடந்து வந்தான். கீழே வளைவில் பால்கேனோடு நோனி நின்றாள்.

ஆடுகள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. அவள் நகரவில்லை.

"செம்மறி எல்லாம் எறங்குது போல," என்றாள்.

"ஆமா. கெட்ட சகுனம்."

"பின்னாடியே உன் நாயும் எறங்குதே. அது என்ன சகுனம்?"

மலாக்கி நாயைப் பார்த்தான். நாய் தரையைப் பார்த்தது.

"அப்ப பூனை?" என்றாள் நோனி. "டெலியாக்கா தலையில கொட்டின கரி? எல்லாம் உன் கைங்கரியம்தானா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு! ஊரே உன்ன நம்பி அரிவாளக் கீழ வெச்சிட்டு ஒக்காந்திருக்கு. ஏன் மலாக்கி? எதுக்கு இப்படிப் பண்றே?"

மலாக்கி வானத்தைப் பார்த்தான்.

"அங்க என்ன பாக்கறே? என்னப் பாத்துச் சொல்லு."

"காத்து என்னன்னா..." என்று ஆரம்பித்தான்.

"காத்தாவது கத்திரிக்காயாவது!" கேனை நங்கென்று கீழே வைத்தாள், பால் தளும்பிச் சிந்தியது. "என் புல்லு தண்டு முத்திப்போய் நிக்குது. இது வீணாச்சுன்னா பசுவைத் தோலு வெலைக்குத்தான் தள்ளணும். உனக்கு வெளையாட்டா இருக்கா? நான் இன்னைக்கே அறுக்கறேன். ஒருத்தன் சொல்லும் எனக்கு வேணாம். நீயும் உன் வானமும் நல்லா இருங்க!"

சொன்னபடியே செய்தாள். பனி உலர்ந்ததும் நோனியின் அரிவாள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஊர் வேலையை விட்டுவிட்டுச் சுவர் சுவராக நின்று பார்த்தது. செம்மறி ரோட்டில் நிற்கும்போது புல் அறுக்கிறவளைக் கரோபெக் பார்த்ததே இல்லை. "இவளுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு," என்றான் பார்ட்லி. "போய்ச் சொல்லுங்களேன் யாராவது," என்றாள் டெலியா. யாரும் போகவில்லை.

மலாக்கி வீட்டுக்குள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு வீச்சும் அவன் காதில் விழுந்தது. இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், முந்தின நாள் சாயங்காலம் நிலாவைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் இருந்தது. எட்ட வட்டம் கிட்ட மழை. அவன் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டான். பொய்ச் சகுனமாகவே பார்த்துப் பார்த்து, நிஜமான ஒன்று வந்தபோது அதை முகம் கொடுத்துப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

மத்தியானம் வெளியே வந்தான். வாசற்படிக் கல் வியர்த்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான், ஈரம். கருந்தீவு கையை நீட்டினால் தொடலாம்போல் கிட்டே வந்து நின்றது, அங்கே இடிந்து கிடக்கிற வீட்டின் கதவுச்சட்டம்கூடத் தெரிந்தது. தகைவிலான்கள் முழங்கால் உயரத்தில் பறந்தன. கொசு கடித்த கடியில் நாய் சுற்றிச் சுற்றி வந்தது. வீட்டுக்குள் பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது, இந்த முறை மீன் தலை இல்லாமல். மலாக்கி மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தான். நாளைக்குச் சாயங்காலம் வரை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. வந்தால் ஒரு பாட்டம் ஊற்றிவிட்டுத்தான் போகும்.

அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்தால் போதும். நாளை மழை வரும், சொன்ன சொல் பலித்துவிடும், ஊர் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடும். நோனியின் புல் அறுத்த இடத்திலேயே அழுகும். பார்ட்லி பசுவை வாங்க மாட்டான். அவள் இந்த வருடம் லீட்ஸுக்குப் போக மாட்டாள். நினைத்ததெல்லாம் தானாக மடியில் வந்து விழுகிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தான். முக்கால் வயல் இன்னும் நின்றது. நோனி கொண்டையவிழ்ந்து, முதுகு வளைந்து, தனியாக வீசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், பிறகு மறுபடி குனிந்தாள். இவள் போனால் செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தான் மலாக்கி. இவள் புல் அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைவிடக் கேவலமாகச் சாவேன் என்றும் நினைத்தான். அரிவாளை எடுத்துக்கொண்டு சுவரைத் தாண்டினான்.

"அறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். "எல்லாரும் போய் அறுங்க! நாளைக்குச் சாயங்காலம் மழை!"

சுவரோரம் நின்ற ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "மழைன்னா எதுக்குடா அறுக்கணும்?" என்றான் பார்ட்லி.

"அதுவரைக்கும் வெயில் இருக்கு! புல்லு பாதி நின்னபடியே காஞ்சிருக்கு, காத்தும் இருக்கு. இப்ப அறுத்து, காலையில பொரட்டினா சாயங்காலத்துக்குள்ள போர் போட்டுடலாம்!"

"இத்தன நாளா மழைன்னியே?"

"அது பொய்!"

"செம்மறி எறங்கிச்சே?"

"நான் ஓட்டினேன்!"

"பூனை?"

"மீன் வெச்சேன்!"

டெலியா முன்னால் வந்தாள். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. "தம்பி, அந்தக் கரி?"

"தொடப்பக்கட்டை, அக்கா," என்றான் மலாக்கி தலையைக் குனிந்துகொண்டு.

பார்ட்லிக்கு முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "அடப்பாவி! கூரை பூரா கயித்தப் போட்டு, கல்லு சொமந்து, ரெண்டு நாளா எனக்கு முதுகு நிமிரல! படகக் கவுத்துப் போட்டு ஒரு வாரமா மீன் வாசனை தெரியாம உருளைக்கெழங்கத் தின்னுட்டிருக்கோம்! இருடா, ஒன்ன..."

"அவன அப்புறமா வெட்டலாம், மொதல்ல புல்ல வெட்டு," என்று டெலியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்குக் கரோபெக் வேலை செய்த மாதிரி என்றைக்கும் செய்ததில்லை. கோபத்தில் அரிவாள் நன்றாக ஓடும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு வயலிலிருந்தும் வீச்சுக்கு ஒரு திட்டு மலாக்கிக்குக் காற்றில் வந்தது. "பூனைக்குப் பொறந்தவனே!" என்று பார்ட்லி வீசினான். "தொடப்பக்கட்டை!" என்று டெலியா வீசினாள். மலாக்கி நோனியின் வயலில் பதில் பேசாமல் அறுத்தான். அவள் பக்கத்து வரிசையில் அறுத்துக்கொண்டு வந்தாள். வயலின் கடைசிப் பாத்திக்கு வந்தபோதுதான், "உன் புல்லு அப்படியே நிக்குதே," என்றாள்.

"நிக்கட்டும்."

"நாளைக்கு மழைன்னியே?"

"நீ பொரட்டற வேலையப் பாரு," என்றான். அவளிடம் அவன் வானம் இல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் விடிந்ததிலிருந்து புரட்டினார்கள், வாரினார்கள், குவித்தார்கள். காற்று நன்றாக வீசியது, தண்டு முத்திய புல் சலசலவென்று காய்ந்தது. மேற்கே கடலுக்கு மேல் ஊதா நிறத்தில் ஒரு கரை எழுந்து வந்தது. நோனியின் கடைசிப் போருக்கு மலாக்கி கயிறு இழுத்துக் கட்டும்போது அவன் புறங்கையில் முதல் துளி விழுந்தது. அதற்குப் பிறகு கொட்டியது பாருங்கள்! எல்லோரும் நோனியின் சமையலறையில் ஒதுங்கி நின்று டீ குடித்தார்கள். ஜன்னல் வழியாக மலாக்கியின் வயல் தெரிந்தது. நின்ற புல்லெல்லாம் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது. ஊரில் அந்த ஒரு வயல் மட்டும்தான் போனது. அதனால் அவனை அடிக்கலாம் என்று வந்தவர்களுக்கும் அடிக்கத் தோன்றவில்லை.

"இருந்தாலும் ஏன்டா அப்படிப் பண்ணினே?" என்றான் பார்ட்லி, ரொட்டியை மென்றுகொண்டே. "எனக்கு அது மட்டும் புரியல."

"உனக்கு எதுதான் புரிஞ்சிருக்கு?" என்றாள் டெலியா. "டீயக் குடி."

நோனி கெட்டிலை நகர்த்துகிற சாக்கில் அடுப்பைப் பார்த்து நின்றாள். மலாக்கி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். மழை கொஞ்சம் தணிந்ததும் எல்லோரும் கலைந்தார்கள். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதுபோல் பார்ட்லி மட்டும் வீடு சேரும்வரை திட்டிக்கொண்டே போனான்.

இரவோடு இரவாக மழை ஓய்ந்துவிட்டது. காலையில் வானம் கழுவிவிட்ட பீங்கான்போல் இருந்தது. மலாக்கி ரோட்டோரத்து வெளிக்கதவுக்குப் பின்னால், படுத்துக் கிடக்கிற புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரோட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நோனி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, கைப்பையோடு வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நல்ல நாள்," என்றாள்.

"நல்ல நாள்தான்."

"பசுவைப் பார்ட்லி சாயங்காலம் வந்து ஓட்டிக்கறானாம். நான் நாற்சந்திக் கடைக்குப் போய்ச் சீட்டு எடுக்கப் போறேன். வியாழக்கிழமை கப்பல்." கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "கடல் எப்படி இருக்கும்னு சொல்லு."

நேராகவே கேட்டுவிட்டாள். மலாக்கி நிமிர்ந்து பார்த்தான். கருந்தீவு மறுபடி மங்கித் தொலைவுக்குப் போயிருந்தது. குருவிகள் புள்ளி புள்ளியாக உச்சியில் இருந்தன. ஊர்ப் புகை எல்லாம் நேராக நின்றது. ஒரு வாரத்துக்குக் கடல் தொட்டில்போல் ஆடாமல் கிடக்கும். தூரத்தில் போரின் மேல் உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த பார்ட்லி இவர்களைப் பார்த்துவிட்டான்.

"அவன்கிட்டயா கேக்கறே, நோனி?" என்று அங்கிருந்தே கத்தினான். "அதுக்கு அவன் பூனைகிட்டக் கேளு!"

மலாக்கி வானத்தைப் பார்த்தபடியே நின்றான்.

"புயல்," என்றான்.

"என்னது?"

"வியாழக்கிழமை புயல். பெரும்புயல்."

நோனி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். "அப்ப வெள்ளிக்கிழமை போகட்டுமா?"

"அன்னைக்கும் புயல்."

"அடுத்த வாரம்?"

"விடாது."

"எத்தன நாளைக்கு விடாது, மலாக்கி?"

அவன் வானத்திலிருந்து கண்ணை எடுத்தான். இரண்டு நாள் வெயிலில் அவள் மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது. கண்ணின் கீழ் களைப்பு தெரிந்தது. கண்கள் அவனை விட்டு நகரவில்லை. இவ்வளவு வருடத்தில் இந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"நான் மண்ணுக்குள்ள போற வரைக்கும்," என்றான். "போகாத, நோனி. எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியல. நீ போகாத."

பார்ட்லி கயிற்றை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நோனி அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். அவள் உதட்டோரம் மெல்ல மேலே ஏறியது.

"மேல ஒரு மேகம் கெடையாது," என்றாள்.

"தெரியும்."

"காத்தும் இல்ல."

"தெரியும் நோனி."

"தெரிஞ்சும் புயலுங்கறே."

"ஆமா."

அவள் கைப்பையைக் கதவுத் தூணின் மேல் வைத்தாள். கோட்டின் கழுத்துப் பட்டியை, நிஜமாகவே மழை அடிப்பதுபோல், இழுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு பெரிய புயல்ல ஒரு பொம்பளைய ரோட்டுல நிக்க வெச்சுப் பேசிட்டிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?" என்றாள். "கதவத் தெற."

மலாக்கி அவசரத்தில் கொக்கியை எதிர்ப்பக்கம் இழுத்தான், அது வரவில்லை. அவளே இந்தப் பக்கமாகக் கையை விட்டு அதைத் தூக்கிவிட்டாள்.